தண்ணியில்லாத பாய்லர்

நூற்றெண்பது பேருக்கு ஆட்டு நெஞ்செலும்பைப் புகையிலேயே வேகவைத்துத் தர முடியுமா என்று மகுடேஸ்வரன் கேட்டதும், ஜெயசுதா முடியும் என்று சொல்லிவிட்டாள். அது எப்படிப்பட்ட சமையல் என்று அதற்கப்புறம்தான் யோசித்தாள். அவள் சுபாவமே அப்படி. முதலில் வாயாலேயே அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். விறகு தேடுவதெல்லாம் பிறகு.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனிக்குப் பதினோரு வருடமாக மதியச் சாப்பாடு அவளுடைய சுதா மெஸ்ஸிலிருந்துதான் போகிறது. கட்டிங் மாஸ்டரிலிருந்து பிசிறு வெட்டும் பெண்கள் வரை அவள் குழம்பில்தான் பாதி நாளைக் கடத்துகிறார்கள். பீகார்ப் பையன்கள்கூட அவள் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கப் பழகிவிட்டார்கள். இப்போது மகுடேஸ்வரன் பக்கத்திலேயே நாலு மாடிக்குப் புதுக் கட்டடம் எழுப்பி, கீழ்த்தளத்தில் பெரிய கேண்டீன் கட்டியிருந்தார். அதை எடுத்து நடத்துவதற்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு கேட்டரிங் கம்பெனி லேப்டாப்பில் கலர் கலராகச் சோற்றைக் காட்டிவிட்டுப் போயிருந்தது.

"நான் சுத்தி வளைக்கல அம்மிணி" என்றார் மகுடேஸ்வரன். "பையன் அவிங்களயே போட்டுக்கலாம்ங்கறான். நாந்தான் சித்த பொறுடான்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். கம்பெனி இருவத்தஞ்சாவது வருச விருந்த நீங்க பண்ணுங்க. வெளிநாட்டுல இருந்து நம்ம துணி வாங்கற பையருங்க மூணு பேர் வர்றாங்க. அவிங்க திங்கறதுதான் டைலரும் திங்கோணும், ஹெல்பரும் திங்கோணும். நல்லா வந்துச்சுன்னா புதுக் கேண்டீன் உங்குளுது. வரலைன்னா எம்மேல வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? கேண்டீன் வேறு ஆளுக்குப் போனால் மெஸ்ஸை மூடிவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். இதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருந்த மகுடேஸ்வரனின் மகன் கவின், செல்போனில் வீடியோ போட்டுக் காட்டினான். கறுப்பாக ஒரு பெட்டி, அதற்குள் பட்டை பட்டையாக விலா எலும்பு. "இது தீயில சுடறதில்லீங்க்கா. நூத்திப்பத்து டிகிரிதான் இருக்கோணும். நாலஞ்சு மணி நேரம் பொகையும் சூடும் மட்டும்தான். எலும்பப் புடிச்சு இழுத்தா கறி தானாக் கழண்டு வரோணும். ஸ்மோக்கர் எதுன்னு மட்டும் நீங்க முடிவு பண்ணிச் சொல்லுங்க, வாங்கிக் குடுத்தர்றேன்."

விருந்துக்கு இருபத்தோரு நாள் இருந்தது.

அவள் கணவன் கந்தவேல் அப்போது மெஸ்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உரிப்பது என்று பேர்தான். ஒரு வெங்காயத்தில் முக்கால்வாசி தோலோடு போய்விடும். அவன் கை அதற்கான கை இல்லை. சாயப்பட்டறையில் பதினெட்டு வருடம் பாய்லருக்கு விறகு போட்ட ஃபயர்மேன். இரண்டு மாதத்துக்கு முன் அந்தப் பட்டறைக்காரர்கள் கேஸ் பாய்லர் வாங்கினார்கள். பட்டனை அழுத்தினால் அதுவே எரியும், அதுவே அணையும். கந்தவேலுக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆள் பேச்சைக் குறைத்துவிட்டான். கேட்டதற்குத் தலையாட்டுவான், சாப்பிட்டாயா என்றால் சாப்பிடுவான். செல்போன் மணியடித்தால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து நிற்பான். டையிங் மாஸ்டர் ஸ்டீம் பத்தவில்லை என்று கூப்பிடுகிறார் என்று உடம்பு இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணன் உரிச்ச வெங்காயத்துல குழம்பு வெச்சா தண்ணியத்தான் குடிக்கோணும்" என்றாள் பூவாத்தாள். மெஸ் தொடங்கிய நாளிலிருந்து ஜெயசுதாவோடு சமைப்பவள் அவள். கந்தவேல் அடுத்த வெங்காயத்தை எடுத்தான்.

முதலில் பழைய இரும்புக் கடை. அவிநாசிபாளையம் போகும் ரோட்டில் வெள்ளையனுடைய கடையில் இரும்பு ட்ரம் சும்மா கிடக்கிறது, நடுவில் அறுத்துக் கதவு வைத்தால் வேலை முடிந்தது என்று யாரோ சொன்னார்கள். ஜெயசுதா கந்தவேலை வண்டி ஓட்டத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

"நாலு ட்ரம் தர்றனுங்க. கழுவி, வெய்யில்ல காயப்போட்டு, கண்ணாடியாட்ட வெச்சிருக்கறேன்" என்றான் வெள்ளையன்.

ட்ரம் உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தது. ஜெயசுதா கையால் தட்டிப் பார்த்தாள். நல்ல கனம். சரி, முடித்துவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது கந்தவேல் வண்டியிலிருந்து இறங்கி வந்து, ட்ரம்மின் வாய்க்குள் தலையை விட்டு மோந்தான்.

"இது சாயம் நிக்கறதுக்குப் போடற கெமிக்கல் வந்த ட்ரம்மு" என்றான்.

"கழுவியாச்சுங்க அண்ணா!"

"நீ தண்ணியில கழுவுன. இது சூடான வாட்டி இரும்புல இருந்து கசிஞ்சு வரும். எங்க பட்டறையில ஒருத்தன் இதுலதான் வென்னி காச்சிக் குளிச்சான். ஒடம்பெல்லாம் கொப்புளமாயிப் போச்சு. இதுல கறி வெச்சா நூத்தியெம்பது பேரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

ஜெயசுதா ட்ரம்மைத் தட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வெள்ளையனும் பாவம், அடுத்த ட்ரம்மைக் காட்டவில்லை. பட்டறைகளிலிருந்து வரும் ட்ரம்மில் ஊரே தண்ணீர் பிடித்து வைக்கிறது. அவன் மட்டும் என்ன கண்டான். வண்டி திரும்பி வரும்போது அவள் கணவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் கவின் இருவரையும் காரில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். ஏசி போட்ட ஷோரூம். ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் பெட்டி, கரண்டில் ஓடுவது. மரத்தூளை ஒரு குழாயில் போட்டுவிட்டால் போதும். டை கட்டிய சேல்ஸ்மேன் ஒரு பட்டனை அழுத்தி நூற்றுப்பத்து என்ற எண்ணைக் காட்டினான்.

"இதுக்கு ஆளே தேவையில்லைங்க மேடம். செட் பண்ணிட்டு நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். வெந்ததும் உங்க போனுக்கு மெசேஜ் வந்துடும்."

ஜெயசுதா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கந்தவேலைக் காணவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். யாரோ வரச்சொன்ன ஆளைப்போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அந்தப் பெட்டியின் மேல் ஒரு கோபம் வந்தது. அது என்ன பாவம் செய்தது, கடையில் நிற்கிறது. ஆனாலும் வந்தது.

"இதுல எத்தன பட்டை வெக்கலாமுங்க?" என்று கேட்டாள்.

"எட்டு வைக்கலாம் மேடம்."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆளுக்கு ஐந்து எலும்பாவது வைக்க வேண்டும். ஓர் ஆட்டுக்கு இரண்டு பட்டை, பட்டைக்குப் பதின்மூன்று எலும்பு. எழுபதுக்குக் குறையாமல் பட்டை வேண்டும். "ரெண்டு பொட்டி வாங்கினாலும் அஞ்சு ஈடு போடோணுமே தம்பி. ஒரு ஈட்டுக்கு நாலு மணி நேரம்."

"முந்தின நாளே பண்ணி வெச்சுட்டு, அன்னைக்குச் சூடு பண்ணிக்கலாமுங்க்கா" என்றான் கவின்.

"ஆறுன கறியச் சூடு பண்ணிப் போடறதுக்கு நான் எதுக்குங்க தம்பி? அதக் கோயமுத்தூர்க்காரங்களே பண்ணிப்போடுவாங்களே."

கவின் சிரித்துவிட்டான். நல்ல பையன்தான். ஆனால் அவள் சொன்ன காரணம் பாதிக் காரணம். மீதிக் காரணம் வெளியே வெயிலில் நின்றது. ஆளே தேவையில்லாத ஒரு மிஷினைத் தன் கையால் வாங்கி, அதை அவன் கண்முன்னால் வைப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் கந்தவேலை நேராக சசிகுமாரின் வெல்டிங் பட்டறைக்கு இழுத்துப் போனாள். தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கெல்லாம் கட்டிங் டேபிளும் ரேக்கும் செய்து கொடுப்பவன் சசிகுமார். ஜெயசுதா கவின் காட்டிய வீடியோவை அவனுக்கும் காட்டினாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"செய்யறது கஷ்டமில்லீங்க்கா. எப்படிச் செய்யோணும்ங்கறதுதான் தெரியல. அடியில தீ வெச்சா அடி பட்டை கருகிப் போயிருமே?"

கந்தவேல் கீழே கிடந்த சாக்கட்டியை எடுத்தான். சிமெண்டுத் தரையில் குந்தி உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தான். நீளமாக ஒரு பெட்டி. அதன் வலது பக்கத்தில், வெளியே, கொஞ்சம் தாழ்வாக ஒரு சின்னப் பெட்டி. இடது பக்கம் புகைபோக்கி.

"தீ உள்ள வரக்கூடாது. அது இந்தச் சின்னப் பொட்டியிலேயே எரியட்டும். சூடும் பொகையும் மட்டும் இக்கட்டால பூந்து, கறியத் தடவிக்கிட்டு, அக்கட்டால போகோணும். இங்க ஒரு தகடு, இங்க ஒண்ணு. காத்தக் கூட்டறதுக்கும் கொறைக்கறதுக்கும். ஷீட்டு நாலு எம்எம்முக்குக் கொறையக் கூடாது. மெல்லிசாப் போட்டா சூடு நிக்காது. உள்ள ஏழு தட்டு."

சசிகுமார் சுற்றி வந்து பார்த்தான். "என்னுங் மாமா, பாய்லராட்டவே இருக்குது?"

"பாய்லர்தான்டா" என்றான் கந்தவேல். "தண்ணியில்லாத பாய்லர்."

ஜெயசுதா அங்கேயே முடிவு செய்துவிட்டாள். அன்று சாயங்காலமே கவினிடம் போய்ச் சொன்னாள். அவன் யோசனையாகப் பார்த்தான். "ஆள நம்பிப் பண்றது ரிஸ்க்குங்க்கா. மிஷின்னா டிகிரி மாறாது. மனுசன் சித்த அசந்தாலும் போச்சு."

"ஆள எனக்குத் தெரியுமுங்க தம்பி" என்றாள் அவள். அவ்வளவு தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வந்த வழியெல்லாம் எழுபது பட்டைக் கணக்கைத்தான் மறுபடி மறுபடி போட்டாள்.

பெட்டி எட்டு நாளில் வந்து இறங்கியது. மெஸ்ஸுக்குப் பின்னால் காலி இடத்தில் நிறுத்தி, எண்ணெய் தடவி, ஒருநாள் முழுக்கச் சும்மா எரியவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆறு பட்டை வாங்கி ஒத்திகை. ஜெயசுதா முந்தின நாளே மிளகும் மல்லியும் சோம்பும் வரமிளகாயும் வறுத்து இடித்து, கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்துக் கறியில் அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள். கடைசியில் தடவுவதற்குப் புளியும் நாட்டுச்சர்க்கரையும் காய்ச்சி ஒரு சட்டியில் இருந்தது. கந்தவேல் குளித்துவிட்டு, பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அதைப் பார்த்ததற்கே அவளுக்குப் பாதி சந்தோஷம்.

மீதி சந்தோஷம் வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஆறு பட்டையும் அட்டக்கறுப்பு. எலும்பைத் தொட்டால் கறி கழலவில்லை, உடைந்தது.

"நாய்க்குப் போட்டா நாய் நம்மளக் கடிக்க வரும்" என்றாள் பூவாத்தாள்.

நடந்தது இதுதான். பெட்டியின் நெற்றியில் சசிகுமார் சூட்டைக் காட்டும் ஒரு வட்ட கேஜ் வைத்திருந்தான். ஊசி நூற்றுப்பத்தில் நிற்க வேண்டும். அது நூற்றைந்துக்கு இறங்கியதும் கந்தவேல் இரண்டு கட்டை போட்டான். நூற்றைம்பதுக்கு ஏறிவிட்டது. ஏறியதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. ஊசி இறங்கினால்தான் குற்றம், ஏறினால் நல்லது என்பது பாய்லர்க்காரனுடைய பதினெட்டு வருடப் பாடம். ஸ்டீம் குறைந்து ஒரு லாட் துணி சாயம் ஏறாமல் போனால் திட்டு வாங்குவது ஃபயர்மேன். ஸ்டீம் அதிகமானதற்காக எந்த மாஸ்டரும் அவனைத் திட்டியதில்லை.

ஜெயசுதாவுக்கு இதெல்லாம் நின்று கேட்கும் பொறுமை இல்லை. விருந்துக்கு ஆறு நாள் இருந்தது. "பேசாம அந்தப் பொட்டியவே வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கந்தவேல் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனான். அவள் மதியச் சோற்றை அலுமினியத் தூக்குகளில் போட்டு மூடும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. வெங்காயம் என்று பூவாத்தாளிடம் சொன்னாள். அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் எழுந்து வரும்போது பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. கந்தவேல் கறியே இல்லாமல் வெறும் பெட்டியை எரித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். கேஜின் மேல் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான்.

"ஏனுங்க, அத எதுக்கு மூடி வெச்சிருக்கறீங்க?"

"ஊசியப் பாத்தா கை தன்னால வெறகுக்குப் போவுது புள்ள. நிறுத்த முடியல. அதான் மூடிப்போட்டேன்." புகைபோக்கியைக் காட்டினான். "பொகையப் பாத்தாப் போதும். எங்க பட்டறையில கறுப்புப் பொகை போச்சுன்னா பொல்யூசன் ஆபீசருங்க வந்து நிப்பாங்க. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்தே வளைஞ்சு போச்சு. வெள்ளையா மொத்தமா வந்தா கட்டை பச்சை, கறி கசக்கும். கறுப்பா வந்தா தீ மூச்சு முட்டுது. இப்பப் பாரு, வர்றதே தெரியல. லேசா நீலம். இதுதான் நூத்திப்பத்து. வேணும்னா துணிய அவுத்துப் பாத்துக்க."

அவள் அவிழ்த்துப் பார்த்தாள். நூற்றுப்பன்னிரண்டு. திரும்பக் கட்டிவிட்டாள்.

"நேத்து நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"ரெண்டு பட்டை வாங்கிட்டு வரச்சொல்லு, போட்டுப் பாக்கலாம்" என்றான் அவன்.

அந்த இரண்டு பட்டையும் நன்றாக வந்தன. பூவாத்தாள் மூன்று எலும்பைத் தின்றுவிட்டு, ருசி பார்ப்பதற்காகத்தான் என்று நாலாவதையும் எடுத்தாள்.

விருந்தன்று காலை எட்டே முக்காலுக்கெல்லாம் எழுபத்திரண்டு பட்டையும் உள்ளே போய்விட்டன. கம்பெனியின் பழைய கட்டடத்துக்குப் பின்னால் பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். சாப்பாடு ஒன்றேகாலுக்கு என்று பேச்சு. எல்லாம் சொன்னபடி நடந்தது, பதினொரு மணிக்குத் தூறல் பிடிக்கும் வரை. ஐப்பசித் தூறல், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சூடான தகட்டின் மேல் விழுந்து விழுந்து புஸ் புஸ்ஸென்று ஆவி எழுந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கவின் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, பையருங்க சீக்கிரமே யூனிட் சுத்திப் பாத்து முடிச்சுட்டாங்க. காலைலயும் சரியாச் சாப்புடலியாம். பன்னெண்டேகாலுக்கு எடுத்தர்லாங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் மகுடேஸ்வரனே பின்னால் வந்துவிட்டார். பட்டு வேட்டி நுனியைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கந்தவேலு, நெருப்பக் கொஞ்சம் ஏத்தப்பா. ஒரு மணி நேரம் முன்னால எடுத்தா என்ன? பெரிய எடத்து ஆளுங்கள வவுறு காயப் போட்டு உக்கோர வெக்க முடியுமா?"

ஜெயசுதா கேஜின் துணியை விலக்கினாள். தொண்ணூற்றாறு.  ஒன்றேகாலுக்கே வேகாது போலிருக்கிறதே. பதினோரு வருடமும், புதுக் கேண்டீனும், எல்லாமும் அந்த ஊசியோடு இறங்குவதாக நினைத்தாள். குனிந்து இரண்டு கட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்பு வாய்க்கு ஓடினாள். அன்றைக்கு அவன் செய்த அதே காரியத்தை இன்றைக்கு அவள் செய்யப் போனாள்.

கந்தவேல் அவள் கையிலிருந்த கட்டையை வாங்கிக் கீழே போட்டான். அடுப்புக் கதவைச் சாத்தினான். அதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். தூறல் அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்ணேகாலுக்குத் தொறக்கறேனுங்க" என்றான், மகுடேஸ்வரனைப் பார்த்து. "கேஜு மழையில நனையுது, அதான் கொறச்சுக் காட்டுது. பொகை சரியா இருக்குதுங்க. இப்ப ஏத்துனா மேல கருகி உள்ள வேகாது. அதுக்கு முன்னால யார் சொன்னாலும் தொறக்கறதுக்கில்லீங்க."

 மகுடேஸ்வரனிடம் தொழிற்பேட்டையில் இப்படிப் பேசும் ஆள் கிடையாது. அவர் ஜெயசுதாவைப் பார்த்தார். "நீங்க என்னுங் அம்மிணி சொல்றீங்க?"

அவள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். ஆவிக்கும் மேலே, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு நீலம். அது சரியான நீலமா, தன் ஆசைக்குத் தெரியும் நீலமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆளைத் தெரியும் என்று அன்று சொன்னாள். இன்று அதை மறுபடி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"ஒண்ணேகால்தானுங்க மொதலாளி" என்றாள். "அதுவரைக்கும் சூடா எலும்பு ரசம் தர்றேன். பையருங்கள உக்கோரச் சொல்லுங்க. விருந்து கெட்டுப் போச்சுன்னா கேண்டீன் வேண்டாமுங்க, நானே கேக்க மாட்டேன்."

மகுடேஸ்வரன் முகம் சிவந்தது. "கோயமுத்தூர்க்காரங்களா இருந்தா இந்தப் பேச்சே இல்ல" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். கவின் குடையோடு அவர் பின்னால் போனான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரசத்தை ஊற்றினாள், கம்பு ரொட்டியைத் தட்டினாள், பூவாத்தாளை இரண்டு தடவை காரணமில்லாமல் திட்டினாள். பந்தலுக்கும் பெட்டிக்கும் நடந்து நடந்து செருப்பெல்லாம் சேறு. கந்தவேல் இடத்தைவிட்டு அசையவில்லை. நடுவில் ஒரு தடவை ஒரே ஒரு கட்டையை வைத்தான். பன்னிரண்டே முக்காலுக்கு மூடியைத் தூக்கிப் புளியும் சர்க்கரையும் காய்ச்சியதை மளமளவென்று தடவி மூடினான். அப்போது வந்த வாசத்துக்கு, பந்தலில் உட்கார்ந்திருந்த ஓவர்லாக் மிஷின் தைக்கும் பெண்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றேகாலுக்குத் திறந்தான். பட்டைகள் ஆழ்ந்த சிவப்பில் பளபளத்தன. ஒரு எலும்பைப் பிடித்து முறுக்கி உருவினான். வெள்ளையாக, சுத்தமாகக் கையோடு வந்தது. கறி தட்டிலேயே இருந்தது. ஜெயசுதா அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்றால் இரண்டும்தான்.

பையர்களில் வயதானவர் முள் கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் எடுத்தார். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி தட்டோடு மூன்றாம் தடவை வந்து நின்றாள். நூற்றெண்பது பேர் இருந்த பந்தலில் எலும்பு தட்டில் விழும் சத்தம்தான் கேட்டது. மகுடேஸ்வரன் எல்லாருக்கும் கடைசியில் உட்கார்ந்து ஏழு எலும்பு சாப்பிட்டார். எண்ணியது பூவாத்தாள்.

கை கழுவிக்கொண்டு அவர் பெட்டிப் பக்கம் வந்தார். கந்தவேலைப் பார்த்தார். ஜெயசுதாவிடம் திரும்பினார். "ஒண்ணாந்தேதி நல்ல நாளுங்களாம் அம்மிணி. புதுக் கேண்டீன்ல பால் காச்சிருங்க" என்றார். குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. தோற்றதில் சந்தோஷப்படுவதற்கு அவருக்குப் பழக்கமில்லை.

கவினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, மாசாமாசம் இது போடறோம்! அதுக்கு நான் கேண்டீனுக்கு அந்தக் கரண்டுப் பொட்டி பெருசா ஒண்ணு தருவிச்சுத் தர்றேன், எழுவது பட்டை புடிக்கற மாதிரியே வருது. பாவம், அண்ணன் எதுக்கு இந்தப் பொகையிலயும் மழையிலயும் கெடக்கோணும்? அவரு ஊட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுக்கட்டும்."

ஜெயசுதா வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் ஸ்டூலிலிருந்து கந்தவேல் எழுந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கரி அப்பிய கையைக் காக்கிச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு மாசம் எடுத்துப் பாத்துட்டேனுங்க தம்பி" என்றான். "போதுமுங்க."